ஆட்டுக்கொம்பும் இரண்டு புள்ளிகளும்

“கையெழுத்து பொருந்தலைன்னா என்னங்க அர்த்தம்? அவர் கையால அவர்தானே போட்டாரு?”

“இருக்கலாம்மா. நான் இல்லைன்னு சொல்லலை. எங்க ஃபைல்ல இருக்கிறது வேற மாதிரி இருக்கே.”

“வேற மாதிரின்னா எப்படி?”

கவுன்டர் அதிகாரி வாயால் விளக்குவதை விட்டுவிட்டு, கணினித் திரையை அவள் பக்கம் பாதி திருப்பிக் காட்டினார். திரையின் இடப்பக்கம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. முதல் எழுத்து ஆட்டுக்கொம்பு போல் வளைந்து மேலே போய், வால் நீண்டு, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வலப்பக்கம் மூன்று வாரத்துக்கு முந்தையது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளைப் போல, எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக மிரண்டு நின்றன.

“பார்த்தீங்களா? இது யானை, அது பூனை” என்றார் அதிகாரி.

லாண்டரிக்காரம்மா பார்த்தாள். அவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வலப்பக்கம் நின்றது அவள் வீட்டுக்காரருடைய கையெழுத்து. இடப்பக்கம் இருந்தது அவளுடையது.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. வேர்த்தது அவள் ஒருத்திக்குத்தான்.

“சரி சார், பங்கெல்லாம் இப்ப எங்கதான் இருக்கு?”

“இங்கதான் இருக்கு. ஆனா விக்க முடியாது. வேற கம்பெனிக்கு மாத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கீங்க. அது கையெழுத்துல நின்னுபோச்சு. அது தீர்ற வரைக்கும் கணக்கு பூட்டித்தான் கிடக்கும்.”

“அந்தப் புதுக் கம்பெனியில கேட்டா, எங்ககிட்ட இன்னும் வந்தே சேரலைங்கிறாங்க.”

“அவங்க சொல்றதும் சரிதான்.”

“அப்ப எங்க பங்கு இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. நடுத்தெருவுல நிக்குது. அப்படித்தானே?”

அதிகாரி சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சட்டைக் காலரின் உள்மடிப்பு நைந்திருந்தது. காலரைப் பார்த்தே ஆளை எடைபோடும் பழக்கம் அவளுக்கு. வீட்டில் தானே துவைத்துக்கொள்கிறவர் என்று மனம் தன் போக்கில் குறித்துக்கொண்டது.

“சார், இன்னைக்குப் புதன்கிழமை. மூணரை மணிக்குப் பங்குச் சந்தை மூடிடும். இன்னைக்கு வித்தாத்தான் வெள்ளிக்கிழமை காலையில பணம் வரும். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில கட்டலைன்னா அவர் கையை மணிக்கட்டோட எடுத்துடுவாங்க. கட்டினா மூணு விரலாவது மிஞ்சும்ங்கிறாரு டாக்டர். துணி தேய்க்கிற உருளை மிஷின்ல மாட்டின கை சார். வலது கை.”

அதிகாரியின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. “எப்பம்மா?”

“சனிக்கிழமை.”

“ஒரே ஒரு வழி இருக்கு. மாத்தச் சொன்ன மனுவை வாபஸ் வாங்குறோம்னு கணக்குக்காரர் எழுதிக் கொடுக்கணும். எங்க ஆள் முன்னாடி, அவர் கையாலேயே, ஃபைல்ல இருக்கிற மாதிரியே. வந்த உடனே பூட்டைத் திறந்துடலாம்.”

“கைநாட்டு வெச்சா ஆகாதா?”

“ஆகும். ஆனா டாக்டர் சர்ட்டிபிகேட், தலைமை ஆபீஸ் சரிபார்ப்புன்னு பத்து நாள் ஆயிடும். இடது கையால போட்டாலும் சரிதான், உருவம் ஒத்துப்போகணும்.” குரலைத் தணித்தார். “நடக்க முடியாதவங்க இருக்கிற இடத்துக்கே வந்து வாங்கலாம்னு விதி இருக்கும்மா. நானே வரேன். ஆனா…”

“ஆனா?”

“அதுக்கு ஒரு கட்டணம் இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரவேண்டிய இடத்துக்கு வழி தவறி வந்த சிரிப்பு. இந்தக் கட்டணங்களிலிருந்து தப்பிக்கத்தானே எல்லாவற்றையும் ஆரம்பித்தாள்! கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, ஈர வாசனை போகாத நோட்டுகளை எண்ணி வைத்தாள். அவர் ரசீதை நீட்டி, “கட்டணம் கட்டினதுக்கு இங்க ஒரு கையெழுத்து” என்றார். போட்டாள். அவர் ரசீதைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு அதை ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

“ரெண்டரை மணிக்கு மேல வரேன்.”

படியிறங்கித் தெருவுக்கு வந்து, நாலு கடை தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தன் பெயரைப் போடவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் ஆட்டுக்கொம்பை வளைத்து, கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு வந்திருந்தது.

திரும்பிப் போய் என்னவென்று கேட்பது?

வானம் ஊறவைத்த பழந்துணி போல் தொங்கிக்கொண்டிருந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் இல்லை. இப்படிப்பட்ட நாளில் விரிப்புகள் சாயங்காலம் வரை காயாது என்று நினைத்தாள். அடுத்த கணம், காயப்போட ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வழியிலேயே லாண்டரி. பூட்டைத் திறந்ததும் நான்கு நாளாகத் தொட்டியில் நின்ற தண்ணீர் புளித்து நாறியது. விடுதிக்காரருடைய நாற்பது விரிப்புகள் அதற்குள் கிடந்தன. சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை. மூலையில் உருளை மிஷின், துணி போர்த்திய பிணம் மாதிரி. போர்த்தியது நாத்தனார். அதைப் பார்க்காமல் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய டெலிவரி ரசீதுப் புத்தகங்களை எடுத்தாள். எல்லாப் பக்கத்திலும் ஆட்டுக்கொம்பு, இரண்டு புள்ளி.

இதெல்லாம் தொடங்கியது ஒரு கோட்டுச் சட்டையால்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கோட்டு வெளுக்கக் கொடுக்க வந்த தரகர் ஒருவர், கொடுத்துவிட்டுப் போகாமல் பேச்சுக் கொடுத்தார். மாதம் கொஞ்சம் போடுங்கள், பங்காக வாங்கி வைக்கிறேன், மறந்துவிடுங்கள், வயதான காலத்தில் அது உங்களை நினைத்துக்கொள்ளும் என்றார். அவருக்குத் தேன் தடவிய வாய். ஆனால் பொய் சொல்லவில்லை. படிவத்தை நீட்டியபோது இவள் வீட்டுக்காரர் முழங்கை வரை கஞ்சி போட்ட தண்ணீரில் நின்றிருந்தார். “கை கஞ்சியில இருக்கு. நீயே போட்டுடு கணக்கு” என்றார். அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாணமான வாரமே பால்காரனிடம் சில்லறையில் தப்புப் பிடித்தவளுக்கு அவர் வைத்த பெயர்.

அவருக்கு என்று ஒரு கையெழுத்து கிடையாது. பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். எனவே அவள்தான் ஒன்று உண்டாக்க வேண்டியிருந்தது. பெரிய மனிதர் கையெழுத்து மாதிரி இருக்கட்டும் என்று கொம்பு வைத்தாள். அழகுக்குப் புள்ளி வைத்தாள். அன்றிலிருந்து விடுதிக்காரர் ரசீது, மகள் பள்ளிக்கூட அறிக்கை, மின்சார மனு, எல்லாவற்றிலும் அவர் கை ஈரமாக இருந்தது, இவள் கை எழுதியது. ஏமாற்று வேலை என்று இருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. அவர் பிழிவார், இவள் உதறுவாள், அது மாதிரி ஒரு வேலைப் பிரிவினை.

தரகர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய கம்பெனியில் கட்டணங்கள் முளைத்தன. வருடக் கட்டணம். வாங்கினால் கமிஷன், விற்றால் அதைவிடப் பெரிய கமிஷன். கணக்கு விவரம் காகிதத்தில் வந்தால் அதற்கொன்று. போன வருடம் புதிதாக, கணக்கு சும்மா கிடந்தால் அதற்கும் ஒன்று.

“நான் ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லையே, அதுக்கு யாராவது காசு கொடுத்தாங்களா?” என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவளால் அப்படிப் போக முடியவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து டெலிவரி ரசீதுகளின் முதுகில் கணக்குப் போட்டாள். பழைய இடத்தில் வருடத்துக்குப் போவது நான்கு டின் சோப்புத்தூள் விலை. புதுக் கம்பெனியில் கால் டின்கூட இல்லை. எல்லாவற்றையும் இங்கேயே விற்றுப் பணமாகக் கொண்டுபோனால் கமிஷன் கடித்துவிடும். பங்காகவே மாற்றினால், ஒன்பது கம்பெனிப் பங்குக்கு ஒன்பது வெளியேறும் கட்டணம். ஆனால் மாதக் கடைசிக்குள் மாறினால் அந்த ஒன்பதையும் புதுக் கம்பெனி திருப்பித் தந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மாற்றுவதுதான் சரி.

கணக்கில் பிழையே இல்லை. அதுதான் இப்போது அவளைக் கொன்றது.

புதுக் கம்பெனிப் பெண் பலகை மாதிரி ஒரு கருவியோடு லாண்டரிக்கே வந்தாள். “சார்தான் போடணும் மேடம், உங்ககிட்ட வாங்கக் கூடாது” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பரப்பில் விரலால் முதல்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதினார். எழுதிவிட்டுப் பெருமையாக இவளைப் பார்த்தார். இவளும் சிரித்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொம்பு எங்கே என்று கேட்டிருக்கலாம்.

உருளை மிஷினில், விரல் உள்ளே போகாமல் தடுக்கும் காவல் கம்பி அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்து ஒரு தொகை சொன்னான். “அந்த ஒன்பது கட்டணமும் திரும்பி வரட்டும், அதுல மாத்திக்கலாம். மூணே வாரம்” என்றாள் இவள். சனிக்கிழமை ஒரு விரிப்பின் ஓரம் மடங்கியது. அவர் சுருக்கத்தை நீவிவிடக் கையை நீட்டினார்.

இதை அவர் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் நுழைந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை தலையணை மேல், குழந்தையைத் துணியில் சுற்றி வைத்தது போல் பெரிதாகக் கட்டப்பட்டிருந்தது. நாத்தனார் முட்டையை உரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை அதட்டிய குரல், ஆஸ்பத்திரியிலும் இறங்கவில்லை.

“வந்துட்டியா? கிடைச்சுதா?”

“அந்த அதிகாரி வராரு அண்ணி. இவர் கையெழுத்துப் போடணும்.”

“எந்தக் கையால? கால்லயா?”

“இடது கையால. ஃபைல்ல இருக்கிற மாதிரியே.”

“ஃபைல்ல இருக்கிறது உன்னுதாச்சே” என்றார் அவர்.

“மெதுவா பேசுங்க.”

நாத்தனார் முட்டையைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அடப்பாவிகளா! இத்தனை வருஷமா ஒரே கையெழுத்துல ரெண்டு பேரும் குடும்பம் நடத்தியிருக்கீங்க. கல்யாணப் பத்திரத்துல போட்டதாவது நீதானா தம்பி?”

“அது நான்தான் அக்கா. அன்னைக்குக் கை காஞ்சிருந்தது.”

சிரித்தார். சிரித்ததில் கை அசைந்து, முகம் சுருங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் பழுத்துக் கறுத்த பழம் மாதிரி இருந்தன. காலையில் பார்த்ததைவிட இப்போது கறுப்பு ஒரு கணு ஏறியிருந்தது போல் அவளுக்குத் தோன்றியது. நாத்தனாரும் அதைத்தான் பார்த்தாள். முட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“என் வேன் முதலாளி கொடுத்தது, உன் தங்கச்சி புருஷன் கொடுத்தது, விடுதிக்காரன் பிச்சை போட்ட மாதிரி போட்டது எல்லாம் சேர்த்தாலும் மூணுல ஒரு பங்குதான் வருது. கீழே கேஷியரைக் கேட்டேன். பாதி வாங்கிக்கிட்டு ஆரம்பிங்கம்மான்னேன். பாதிக் கைக்கு ஆபரேஷன் பண்ண மாட்டோம்ங்கிறான்.”

இவள் ரசீதுப் புத்தகத்தை விரித்துக் கட்டிலோடு இணைந்த சாப்பாட்டுப் பலகையின் மேல் வைத்தாள். பேனாவை அவருடைய இடது கையில் சொருகினாள்.

“இதைப் பார்த்துப் போடுங்க. முதல்ல கொம்பு. கீழேருந்து மேல.”

அவர் போட்டார்.

“மேல போகணும்ங்க. கீழ போகுது பாருங்க.”

“ஆடு படுத்துக்கிச்சு.”

“விளையாடாதீங்க.”

“விளையாடலைடி. என் கையெழுத்து எனக்கே வரமாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?”

பத்து போட்டார். இருபது போட்டார். கொம்பு ஒருமுறை சரியாக வந்தது, வால் நடுங்கியது. வால் வந்தபோது கோடு சரிந்தது. புள்ளிகள் மட்டும் எப்போதும் நன்றாக விழுந்தன. நெற்றியில் வேர்வை பூத்தது. வலிக்குப் போட்ட ஊசியின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பதாவதில் பேனாவைப் போட்டுவிட்டுக் கட்டில் விரிப்பைத் தடவினார்.

“இதை ஒழுங்கா அலசலை கணக்கு. சோப்பு அப்படியே நிக்குது பாரு. நோயாளி முதுகு அரிக்காதா?”

“இன்னும் ரெண்டு போடுங்க.”

“விட்டுடேன். போனா ஒரு கைதானே போகுது. நீதான் இன்னொரு கை இருக்கியே.”

அவள் பேனாவை எடுத்து மறுபடி அவர் விரல்களுக்குள் சொருகினாள்.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தாள். அவளுக்கு ரகசியம் பேச வராது. ஆனாலும் முயன்றாள். “நீயே போட்டுடு. யாரு பார்க்கப்போறா?”

“அந்த ஆள் முன்னாடிதான் போடணும் அண்ணி. என் கண்ணால பார்த்தேன்னு அவரும் கீழே கையெழுத்து வைக்கணும். அதுவும் இல்லாம…” ரசீது விஷயத்தைச் சொன்னாள்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்குக் கணக்குன்னு பேர் வெச்சான் பாரு, அவனைச் சொல்லணும்.”

அதிகாரி வந்தபோது மணி இரண்டு ஐம்பது. வெளியே தூறல் பிடித்திருந்தது. சட்டைத் தோள்கள் நனைந்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்து, கட்டைப் பார்த்து, உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

“வணக்கம் சார். கை கொடுக்க முடியலை, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் லாண்டரிக்காரர்.

“பரவாயில்லைங்க.” ஃபைலிலிருந்து இரண்டு படிவம் எடுத்தார். “ரெண்டுதான் கொண்டுவந்தேன். எண் போட்ட படிவம், அதுக்கு மேல கொடுக்க மாட்டாங்க. நிதானமாப் போடுங்க.”

நாத்தனார் பலகையைத் துடைத்தாள். இவள் படிவத்தை வைத்து, நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். அவர் பேனாவைப் பிடித்தார். அந்த அறையில் கொஞ்ச நேரம் பேனா ஊர்கிற சத்தமும் ஜன்னல் தகரத்தில் தூறல் விழுகிற சத்தமும் மட்டும் இருந்தன. கொம்பு எழுந்தது. அழகாக எழுந்தது. இவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வளைவின் உச்சியில் அவர் வலது தோள் ஒருமுறை துடித்தது. பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓரம் வரை போய்விட்டது.

அதிகாரி கிழிந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

“பூட்டைத் திறக்க ஆபீசுக்கு ஒரு போன் பண்ணினா போதும். விக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம்” என்றார் பொதுவாக. பிறகு ஃபைலுக்குள் எதையோ தேடி, காலை ரசீதை எடுத்து, இரண்டாவது படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது காலையில நீங்க போட்டது. இது உங்க பேரு இல்லையேம்மா.”

அவளுக்கு ஒரு கணம் பொய் சொல்லத் தோன்றியது. எந்தப் பொய் என்று யோசிப்பதற்குள் களைப்பு வந்துவிட்டது.

“இவர் கை எப்பவும் தண்ணியில இருக்கும் சார். பன்னிரண்டு வருஷமா நான்தான் போடுறேன். உங்க ஃபைல்ல இருக்கிறதும் நான் போட்டதுதான். யாரையும் ஏமாத்தணும்னு போடலை. ஒரு காசு திருடலை. இது இவர் சம்பாதிச்சது, நான் எழுதினது.”

“நீங்க இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

“கேட்டீங்களே சார்.”

“கேட்டது தப்புதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையில் துடைத்தார். அது இன்னும் மங்கலானது. “கீழே என்ன அச்சடிச்சிருக்கு பாருங்க. என் முன்னிலையில கணக்குக்காரரே கையெழுத்திட்டதை நேரில் பார்த்தேன். அதுக்கு அடியில நான் போடுறது என் கையெழுத்து. எனக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கு.”

“தெரியும் சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். சும்மா சொன்னேன்.”

நாத்தனார் வாசலில் போய் நின்றுகொண்டாள், வேன் கதவை அடைத்து நிற்பது போல். லாண்டரிக்காரர் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்திருந்தார். இடது கை மட்டும் பலகையின் மேல் விரிந்து கிடந்தது. கஞ்சியும் சலவைக் காரமும் பன்னிரண்டு வருடம் தின்ற கை. உள்ளங்கை ரேகைகள் வெளுத்து, வெடிப்புகள்தான் ரேகையாக இருந்தன. அதில் அவள் பேனாவை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பேனாவைப் பிடிக்கச் செய்தாள். அவற்றுக்கு மேல் தன் கையை வைத்து மூடினாள். அவர் கண்ணைத் திறக்காமல், “கை ஜில்லுன்னு இருக்கு கணக்கு” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் கொடிகளில் விரிப்புகள் தூறலில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. எடுக்க யாரும் வரவில்லை. மூன்று பதினாறு.

“சார்” என்றாள் அவள். “அவர் கைதான் எழுதும். என் கை மேல சும்மா இருக்கும், அவ்வளவுதான். நீங்க ஒரே ஒரு நிமிஷம் அந்த ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தத் துணியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களா?”